அகலத் திறந்தால் ஆற்றல் பெருகுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கையில் உள்ள கருவியைக் கொண்டே இன்னும் சற்றுக் கூடுதலாக வேலை வாங்க வேண்டும் என்ற ஆசை மனிதனோடு பிறந்தது. ஏற்றம் இறைத்தவனுக்கும் அந்த ஆசை இருந்தது. எஞ்சின் வைத்திருப்பவனுக்கும் இருக்கிறது. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை இன்றும் போற்றி வைத்திருக்கும் நண்பர்களுக்குப் 'போர்ட் வேலை' என்ற சொல் புதிதன்று. சிலிண்டரில் உள்ள வாயில்களை அரத்தாலும் கிரைண்டராலும் பெரிதாக்கி, வண்டியின் வேகத்தைக் கூட்டும் வேலை அது. இப்போது அதே வேலை வேறோர் இயந்திரத்திற்கும் வந்திருக்கிறது. நம் ஊர்களில் 'மரம் அறுக்கும் மிஷின்' என்று வழங்கும் சங்கிலி ரம்பமே அது.

மோட்டார் சைக்கிள் விரைந்து ஓடுவது பெரும்பாலும் மகிழ்ச்சிக்காக. சங்கிலி ரம்பம் ஓடுவது வயிற்றுப் பாட்டுக்காக. ஆகவே, அதன் எஞ்சினில் கை வைக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். எவ்வளவு ஆற்றல் கூடும் என்பது ஒன்று. அந்த ஆற்றல் எத்தனை நாள் நிலைக்கும் என்பது மற்றொன்று. முதற் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள்; இரண்டாவதைக் கேட்பவர் சிலரே. அளந்து செய்தால் இரண்டும் கிடைக்கும். அளக்காமல் செய்தால் முதலாவதும் சில நாளில் போய்விடும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை இக்கட்டுரையில் கூற முற்படுகிறேன்.

ஒரு தொழிலாளியின் கண்டுபிடிப்பு

சங்கிலி ரம்பத்தில் உள்ளது இரு வீச்சு எஞ்சின். 1891-இல் இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே என்பவர், கிராங்க் அறையிலேயே காற்றை அமுக்கி மேலே அனுப்பும் எளிய இரு வீச்சு எஞ்சினை உருவாக்கினார். அதில் கலவை உள்ளே வருவதற்கு ஓர் அடைப்பான் தேவைப்பட்டது. அவரிடம் வேலை பார்த்த ஃபிரெடெரிக் காக் என்பவர், பிஸ்டனின் கீழ்ப்பகுதியே உள்வாயிலை மூடித் திறக்குமாறு செய்து அந்த அடைப்பானையும் நீக்கினார். 1892-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் பிஸ்டன் ஒன்றே காவற்காரனாக நின்று மூன்று வாயில்களையும் திறந்து மூடத் தொடங்கியது. முதலாளியின் எஞ்சினைத் தொழிலாளி திருத்தினார் என்ற இந்தச் செய்தியை நாம் மறக்கலாகாது. பட்டறையில் பிறக்கும் அறிவு நூலறிவுக்குத் தாழ்ந்ததன்று.

எடை குறைவாகவும் ஆற்றல் மிகுதியாகவும் இருப்பதால் இந்த எஞ்சின் மரம் வெட்டுவோர் கைக்கு வந்து சேர்ந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1929-இல் செய்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ எடையும் 6 குதிரைத் திறனும் கொண்டது. அதைத் தூக்க இருவர் வேண்டும். 1959-இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'கான்ட்ரா' என்ற ரம்பமும் 6 குதிரைத் திறன் உடையதே; ஆனால் அதன் எடை 12 கிலோ. முப்பது ஆண்டுகளில் திறன் மாறவில்லை. எடை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகியது. காட்டில் வேலை செய்தவனுக்கு அதுவே பெரும் விடுதலை.

மூன்று வாயில்கள்

பட்டறையில் 'போர்ட்' என்று சொல்வதைத்தான் இங்கே வாயில் என்கிறேன். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்து கிராங்க் அறைக்குள் நுழைவது உள்வாயில் வழியாக. அங்கிருந்து பிஸ்டனுக்கு மேலே செல்வது பக்கங்களில் உள்ள கடத்து வாயில்கள் வழியாக. எரிந்த புகை வெளியேறுவது புகைவாயில் வழியாக. பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் புகைவாயில் திறக்க வேண்டும். புகையின் அழுத்தம் சற்றுத் தணிந்த பிறகே கடத்து வாயில் திறக்க வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் புகை கடத்து வாயில் வழியே கீழே இறங்கிப் புதிய கலவையைக் கெடுத்துவிடும்.

பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலையை 0 பாகை என்று கொள்வோம். வேலைக்கான ரம்பங்களில் பொதுவாக 100 பாகை அளவில் புகைவாயிலும், 120 பாகை அளவில் கடத்து வாயிலும் திறக்கும். இடைவெளி 20 பாகை. திறந்த வாயில் அதே உயரத்தில்தான் மூடவும் வேண்டும். எனவே புகைவாயில் ஒரு சுற்றில் 160 பாகையும், கடத்து வாயில் 120 பாகையும் திறந்திருக்கின்றன.

மரத்தினுள் அறுக்கும்போது இத்தகைய எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 9,000 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது விநாடிக்கு 150 சுற்று. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் விநாடியை 1,000 கூறாக்கினால் அதில் 6.7 கூறு. அதற்குள் 160 பாகை என்பது 3 கூறுக்கும் குறைவு. புகை தணியும் 20 பாகை இடைவெளியோ 0.37 கூறு மட்டுமே! நாம் கண் இமைப்பதற்குள் இந்தக் கதவுகள் பலமுறை திறந்து மூடிவிடுகின்றன. ஆகவே வாயில் என்பதை வெறும் துளை என்று எண்ணுவது தவறு. அது ஒரு கடிகாரம். அதன் மேல் விளிம்பில் அரம் போடுகிறவன் நேரத்தை மாற்றி வைக்கிறான்.

அரத்தின் ஒரு மில்லிமீட்டர்

எவ்வளவு மாற்றுகிறான் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். பிஸ்டனின் வீச்சு 34 மி.மீ., இணைப்புத் தண்டின் நீளம் 60 மி.மீ., சிலிண்டரின் உள்விட்டம் 46 மி.மீ. என்று கொண்டால், எஞ்சினின் கொள்ளளவு 56 க.செ.மீ.க்குச் சற்று மேல். நடுத்தர அளவுள்ள ரம்பம் என்று சொல்லலாம். இதில் புகைவாயிலின் மேல் விளிம்பு உச்சியிலிருந்து 22.3 மி.மீ. கீழே இருந்தால் அது 100 பாகையில் திறக்கும். அந்த இடத்தில் 1 பாகை என்பது 0.28 மி.மீ. மட்டுமே. 1 மி.மீ. உயர்த்தினால் திறப்பு ஏறக்குறைய மூன்றரைப் பாகை முந்திவிடும். மூடுவதும் அதே அளவு பிந்தும். மொத்தத்தில் 160 பாகை 167 பாகையாகிவிடுகிறது. 'கொஞ்சம் போட்டு விடு' என்று சொல்லிக் கொண்டு கண்ணளவில் செய்கிற வேலைக்கு ஒரு மில்லிமீட்டர் பெரிய அளவன்று. எஞ்சினுக்கோ அது பெரிது.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. மிக உயர்ந்த சுற்று வேகத்தில் புகை நன்றாக வெளியேறுவதால் ஆற்றல் கூடும். ரம்பத்தை வெறுமனே முடுக்கினால் சீறும். கேட்பவர்க்குப் பெருமையாக இருக்கும். ஆனால் கலவையை அமுக்கும் வேலை புகைவாயில் மூடிய பிறகே தொடங்குகிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். முன்பு 22.3 மி.மீ. தூரம் அமுக்கிய பிஸ்டன் இப்போது 21.3 மி.மீ. தூரமே அமுக்குகிறது. எரியறை 6.2 க.செ.மீ. எனில், 7 மடங்காக இருந்த அமுக்கம் 6.7 மடங்காகக் குறைகிறது. பருத்த அடிமரத்தில் ரம்பம் அமிழ்ந்து சுற்று வேகம் குறையும்போதுதான் இந்தக் குறை தெரியும். வெளியே சீறிய ரம்பம் உள்ளே திணறும். மேலும், புகைவாயில் மூடுவதற்குள் எரியாத கலவையில் ஒரு பகுதி அதன் வழியே தப்பி ஓடுவது இவ்வகை எஞ்சின்களின் பிறவிக் குறை. திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டக் கூட, குறைந்த வேகத்தில் அந்த இழப்பும் கூடும். பெட்ரோல் காசு புகையோடு போகும்.

இழந்த அமுக்கத்தை ஈடு செய்ய, தேர்ந்த கைவினைஞர்கள் சிலிண்டரின் அடிப்பாகத்தைக் கடைசல் இயந்திரத்தில் சிறிது குறைத்து அதனைக் கீழே இறக்குகிறார்கள். அப்போது எல்லா வாயில்களும் சேர்ந்து கீழே வருகின்றன. புகைவாயிலும் கடத்து வாயிலும் பிந்தித் திறக்கும். உள்வாயிலோ முந்தித் திறக்கும். ஒன்றைத் தொட்டால் மூன்றும் மாறும் என்பது இதிலிருந்து விளங்கும். பிஸ்டனின் தலைக்கும் சிலிண்டரின் கூரைக்கும் இடையே சுமார் 0.5 மி.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். சூட்டில் உலோகம் விரியும். வேகத்தில் இணைப்புத் தண்டு நீளும். தாங்கிகளில் சிறு தளர்ச்சி இருக்கும். இவற்றை மறந்து இடைவெளியைக் குறைத்தால் பிஸ்டன் கூரையில் மோதும்.

ஆயுள் எங்கே போகிறது?

சுற்று வேகம் கூடுவதே ஆற்றல் என்று எண்ணுவோர்க்கு, முதலாண்டில் நாம் படித்த சீரிசை இயக்கம் ஓர் எச்சரிக்கை தருகிறது. முடுக்கம் சுற்று வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். மேற்சொன்ன எஞ்சினில் 9,000 சுற்றில், பிஸ்டன் உச்சியில் அடையும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறக்குறைய 2,000 மடங்கு. 100 கிராம் பிஸ்டன் அந்த நொடியில் 200 கிலோவைப் போல் இணைப்புத் தண்டை இழுக்கிறது. சுற்று வேகத்தை 10,500 ஆக, அதாவது ஆறில் ஒரு பங்கு உயர்த்தினால், அந்த இழுவை 36 விழுக்காடு கூடிவிடும். தாங்கிகளும் இணைப்புத் தண்டும் பழையவைதாமே! அவற்றின் ஆயுளிலிருந்துதான் நாம் கடன் வாங்குகிறோம்.

அடுத்தது வாயிலின் அகலம். பிஸ்டன் ரிங் வில்போல் வெளிநோக்கி விரியும் தன்மை உடையது. சிலிண்டர்ச் சுவர் அதனை அணைத்துப் பிடித்திருக்கிறது. வாயிலுக்கு எதிரே வரும்போது பிடிக்கச் சுவர் இல்லை. ரிங் சற்றுப் புடைத்து வெளியே எட்டிப் பார்க்கும். வாயில் குறுகலாக இருந்தால் இது பொருட்டன்று. மிக அகலமானால் ரிங் விளிம்பில் மாட்டி ஒடியும். நடுவில் தூண் இல்லாத புகைவாயிலின் அகலம் சிலிண்டர் விட்டத்தில் 60 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அனுபவத்தில் கண்ட விதி. நீண்ட ஆயுள் வேண்டுவோர் கீழெல்லையை ஒட்டியே நிற்பர். 46 மி.மீ. விட்டத்திற்கு அது 28 முதல் 32 மி.மீ. ஆகும். அகலப்படுத்துவதில் ஒரு நன்மையும் உண்டு. மேல் விளிம்பை உயர்த்தினால் நேரம் மாறும். பக்கங்களை அகலப்படுத்தினால் நேரம் மாறாமல் வழி மட்டும் பெரிதாகும். ஆகையால் எல்லைக்குள் அகலப்படுத்திவிட்டு உயரத்தில் கஞ்சனாக இருப்பதே அறிவுடைமை.

பிஸ்டனின் பக்கச் சுவர் எப்போதும் வாயிலை முழுமையாக மூட வேண்டும் என்பது மற்றொரு விதி. வாயில் அதைவிட அகன்றுவிட்டால் கிராங்க் அறையின் அமுக்கம் புகைவாயிலில் கசியும். ரிங்கின் இரு முனைகளும் சந்திக்கும் இடம் எந்த வாயிலின் மேலும் வரலாகாது. கடைசியாக, வெட்டிய விளிம்பு. இவ்வகைச் சிலிண்டர் அலுமினியத்தால் ஆனது. அதன் உட்புறத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத குரோமியப் பூச்சோ, நிக்கல்–சிலிக்கான் கார்பைடு பூச்சோ இருக்கும். தேய்மானத்தைத் தாங்குவது அந்த மெல்லிய தோல்தான். கிரைண்டர் அதன் விளிம்பைப் பெயர்த்துவிட்டால், அங்கிருந்து செதில் செதிலாக உரியத் தொடங்கும். வெட்டிய பின் விளிம்பை நுண்மையாகச் சாய்த்து மழுக்கினால்தான் ரிங் மெல்ல நழுவி உள்ளே ஏறும். பத்து நிமிடம் ஆகும் இந்த வேலையில்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது. அவசரத்தில் விட்டுப் போவதும் இதுவே.

மாமாவின் கேள்வி

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று சிலர் நினைக்கலாம். எனக்கு இந்தக் கணக்கு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. என் தாய்மாமன் ரம்பம் வைத்து மரம் அறுப்பவர். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வீசி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தபோது, அவற்றை அறுத்து அகற்றப் போனவர்களில் அவரும் ஒருவர். அந்த வேலையில் சேர்ந்த பணமும் கடனும் போட்டுத்தான் இப்போதுள்ள ரம்பத்தை வாங்கினார். சென்ற கோடை விடுமுறையில் என்னிடம் கேட்டார்:

"மாப்ள, நீ ஃபிசிக்ஸ்தானே படிக்கிறே? போர்ட்டை அறுத்து விட்டா ஒரு நாளைக்கு ரெண்டு மரம் கூட வெட்டலாம்ங்கிறான் பட்டறைக்காரன். செய்யலாமா, வேண்டாமா? நீ சொல்லு."

"எவ்வளவு அறுப்பாங்க மாமா? அளந்து பாத்துச் செய்வாங்களா?"

"அளவு என்ன அளவு! கண்ணால பாத்துத்தான். நம்ம கூட்டாளி ஒருத்தன் செஞ்சான். பதினஞ்சு நாள் பேய் மாதிரி ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் அப்படியே புடிச்சுக்கிச்சு. அதான் கேக்கறேன். இந்த மிஷின் நின்னா நம்ம வீட்டு அடுப்பும் நின்னுடும்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படித்தவன் என்று நம்பி வீட்டார் கேட்கும் கேள்விக்கு 'அது எங்கள் பாடத்தில் இல்லை' என்று சொல்ல என் மனம் இடம் தரவில்லை. அந்தக் கூட்டாளியின் பழுதான சிலிண்டரை வாங்கி வந்தேன். ஒரு தாளைச் சுருட்டி உள்ளே விட்டு, புகைவாயிலின் விளிம்பைப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தேன். தாளில் அகலம் 41.5 மி.மீ. இருந்தது. அது வளைவின் நீளம், 46 மி.மீ. வட்டத்தில் அதற்குரிய நாணின் நீளம் 36 மி.மீ. வருகிறது. விட்டத்தில் 78 விழுக்காடு! விளிம்பு கத்திபோல் கூராக இருந்தது. சாய்த்து மழுக்கிய அடையாளமே இல்லை. ரிங் மாட்டி ஒடிந்த இடத்திலிருந்து சுவரில் நேர்க்கோடாக ஒரு கீறல் இறங்கியிருந்தது. அந்தத் தாளை மாமாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே அளந்திருந்தா அவனுக்கு ஒரு சிலிண்டர் மிஞ்சியிருக்கும்" என்றார்.

அந்தப் பட்டறைக்காரரை நான் குறை கூறவில்லை. அவர் கையில் திறமை இருக்கிறது. அளவு சொல்லித் தர ஆள் இல்லை; அவ்வளவே.

பந்தயம் வேறு, பிழைப்பு வேறு

வாயில்களைத் திருத்துவதே கூடாது என்று நான் வாதிடவில்லை. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் காடன், வாயில்களையும் புகைக்குழாயையும் ஒன்றோடொன்று இசைவித்து, 125 க.செ.மீ. எஞ்சினிலிருந்து 1961-இல் 25 குதிரைத் திறன் பெற்றார். லிட்டருக்கு 200 குதிரைத் திறன் என்ற அந்த அளவு அதற்கு முன் காணாதது. ஆனால் பந்தய எஞ்சின் ஒரு நாள் ஓடினால் போதும். மறுநாள் அதனைப் பிரித்து ரிங் மாற்ற ஆட்கள் காத்திருப்பார்கள். மரம் அறுப்பவனுக்கு அவனே ஓட்டுநர், அவனே மெக்கானிக், அவனே கடன்காரன்.

அமெரிக்கக் காடுகளில் வேலை செய்வோர் இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கிறார்கள். போட்டியில் சில விநாடிகள் அறுப்பதற்கான ரம்பத்தை ஒருவிதமாகவும், நாள் முழுதும் காட்டில் அறுப்பதற்கானதை வேறுவிதமாகவும் திருத்துகிறார்கள். பின்னதற்கு 'வுட்ஸ் போர்ட்' என்று தனிப் பெயரே உண்டு. அதில் உயரம் சிறிதளவே மாறும், வழிகள் சீராகும், விளிம்புகள் மழுங்கும், அமுக்கம் குறையாமல் காக்கப்படும். புகைப்பெட்டியின் திறப்பைச் சற்றுப் பெரிதாக்கினால் சூடும் தணியும். கூடுதலாகப் போகும் காற்றுக்கேற்பக் கார்புரேட்டரின் பெட்ரோல் அளவையும் கூட்டுவார்கள். இல்லையெனில் கலவை வறண்டு பிஸ்டன் இறுகிவிடும். இவ்வாறு செய்த எஞ்சின் முன்னைவிட ஆற்றலோடு, முன்னைப் போலவே உழைக்கும். கார்டன் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1973-இல் இரு வீச்சு எஞ்சினைத் திருத்துவது பற்றி ஒரு கையேடு எழுதினார். வாயிலின் பரப்பு, திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைக் கணக்கிட்டே அரத்தை எடுக்க வேண்டும் என்பது அந்நூலின் சாரம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அச்சான இந்த அறிவு நம் ஊர்ப் பட்டறையின் வாசற்படியை இன்னும் மிதிக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மரத்தை அறுப்பது எஞ்சின் அன்று, சங்கிலியின் பல். அமெரிக்காவில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டுப் புழு இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிப்பதை உற்று நோக்கினார். அதே முறையில் 1947-இல் புதிய சங்கிலியை அமைத்தார். எஞ்சினைத் தொடாமலேயே அறுப்பு வேகம் கூடியது. இன்றைய ரம்பங்களில் ஓடுவது அவர் வழிவந்த சங்கிலியே. தென்னையின் கடினமான நாரும் அதில் ஒட்டிய மணலும் பல்லை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய பல்லோடு ஓடும் ரம்பத்தின் புகைவாயிலை அகலப்படுத்துவது, கதிர் அரிவாளைத் தீட்டாமல் ஆளை மட்டும் விரட்டுவதற்கு ஒப்பாகும். பல்லைக் கூராக்குதல், காற்று வடிகட்டியைத் துப்புரவாக வைத்தல், எண்ணெயைச் சரியாகக் கலத்தல் ஆகிய மூன்றும் முதற்படிகள். 50-க்கு 1 என்று குறிப்பிட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. எண்ணெய். அதனை மூடியால் அளக்காமல் அளவுக் குவளையால் அளக்க வேண்டும். மாமாவுக்கு நான் முதலில் சொன்ன விடை இதுதான். வாயிலைப் பற்றிய முடிவை, அளந்து செய்யும் ஆள் கிடைக்கும் வரை தள்ளி வைத்திருக்கிறார்.

கல்லூரி செய்யத் தக்கது

நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியும் திருகு அளவியும் இருக்கின்றன. ஆண்டுதோறும் அதே இரும்புக் குண்டின் விட்டத்தையும் அதே கம்பியின் தடிமனையும் அளந்து, முன்னாண்டு மாணவர் எழுதிய விடையையே நாமும் எழுதி வருகிறோம். அந்தக் குண்டுக்குப் பதிலாகப் பழைய சிலிண்டர் ஒன்றை மேசைமேல் வைத்தால் என்ன? அதன் வாயில்களைத் தாளில் படியெடுக்கலாம். கிராங்க் முனையில் பாகை குறித்த வட்டத் தட்டைப் பொருத்தி, எந்தப் பாகையில் எது திறக்கிறது என்று குறிக்கலாம். பிஸ்டனின் இடப்பெயர்ச்சியைக் கணக்கிட்டு வரைபடம் வரையலாம். திரிகோணமிதியும் சீரிசை இயக்கமும் வாயு விதிகளும் ஒரே சிலிண்டருக்குள் கிடைக்கும். பழைய இரும்புக் கடையில் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

இரண்டாவதாக, ஆண்டுக்கு ஒரு நாளாவது நம் ஊர் மெக்கானிக்குகளைக் கல்லூரிக்கு அழைக்க வேண்டும். நாம் அவர்களுக்கு அளக்கும் முறையைச் சொல்லலாம். எஞ்சின் ஓசையை வைத்தே கலவை வறண்டிருக்கிறதா என்று கண்டறியும் கலையை அவர்கள் நமக்குச் சொல்லித் தருவார்கள். இதில் கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று பிரித்தறிய முடியாது. ஜோசப் டேயின் பட்டறையில் ஒரு தொழிலாளியின் யோசனைக்கு இடம் இருந்ததால்தான் உலகுக்கு இந்த எஞ்சின் கிடைத்தது என்பதை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, வண்டியின் அச்சை அதில் உவமையாக்கியிருக்கிறார். தாங்கும் எல்லையை அறிவதும் வலிமையின் ஒரு பகுதி என்பதே அதன் கருத்து. வெட்டிய உலோகம் மீண்டும் ஒட்டாது. அரம் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். ஆதலால் அரத்தை எடுக்குமுன் அளவுகோலை எடுப்போம். ஒரு ரம்பத்தின் பெருமை அது முதல் நாள் எழுப்பும் ஓசையில் இல்லை. ஐந்தாம் ஆண்டிலும் காலையில் ஒரே இழுப்பில் உயிர் பெற்று, அதை நம்பியிருக்கும் வீட்டுக்குச் சோறு போடுவதில் இருக்கிறது. அந்த ஐந்தாம் ஆண்டை நம் கணக்கில் சேர்த்துக் கொள்வோமாக!